கார் வாரண்டி: புது காருக்கும் பழைய காருக்கும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது கார் புக் செய்யும்போது கொட்டேஷனில் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் கீழே ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று ஒரு வரி இருக்கும், அதாவது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் அதை நீட்டிக்கத் தனியாகக் கட்டும் பணம். பழைய கார் பார்க்கப் போனால், ‘ஒரு வருஷம் வாரண்டி இருக்கு சார், கவலையே வேண்டாம்’ என்பார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் அதிகம். எத்தனை வருடம் என்று மட்டும் கேட்டால் போதாது. பழுது வந்தால் யார் கையிலிருந்து பணம் வரும், எதைக் காட்டி மறுப்பார்கள் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த இரண்டைச் சுற்றித்தான்.

புது காருடன் கம்பெனியே எவ்வளவு வாரண்டி தருகிறது?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாருதி சுசூகி பல வருடங்களாக 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. என்று வைத்திருந்தது. 2024 ஜூலையில் அதை 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. ஆக்கியது. டொயோட்டாவும் 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. தருகிறது. ஹூண்டாய், கியா, ஹோண்டா ஆகியவை பெரும்பாலான மாடல்களுக்கு 3 வருடம் தருகின்றன, கிலோமீட்டர் வரம்பு கிடையாது.

இதில் ‘அல்லது’ என்பதைக் கவனியுங்கள். வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடிந்தது. அப்புறம், நாள் கணக்கு முதல் முதலாக அந்தக் கார் விற்பனையான தேதியிலிருந்து ஓடும். ஷோரூமில் டெமோவாக ஓடிய காரைத் தள்ளுபடியில் வாங்கினால், நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே வாரண்டியில் சில மாதங்கள் கழிந்திருக்கலாம். எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று எழுதி வாங்குங்கள்.

வாரண்டியில் எதெல்லாம் சேரும்?

தயாரிப்பில் அல்லது பொருளில் குறை இருந்து பழுதானவை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், ஏ.சி. கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட், டச் ஸ்கிரீன் போன்றவை அநேகமாக எல்லா கம்பெனியிலும் சேரும்.

தேயும் பொருள்கள் சேராது. பிரேக் பேட், க்ளட்ச் பிளேட், வைப்பர் பிளேடு, ஃபில்ட்டர், பல்பு, ஆயில் எல்லாம் உங்கள் செலவு. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிதான் வாரண்டி தரும், கார் கம்பெனி வழிகாட்டுவதோடு சரி. ரப்பர் புஷ், சஸ்பென்ஷன் சத்தம், சீட் துணி, பெயின்ட் மங்கல் ஆகியவை நடுவில் நிற்கும் விஷயங்கள். சில கம்பெனிகள் இவற்றுக்கு மட்டும் தனியாகக் குறைந்த காலம் வைத்திருக்கும். காருடன் வரும் வாரண்டி கையேட்டில் ‘இவை சேராது’ என்று ஒரு பக்கம் இருக்கும். சேரும் என்று சொல்லும் பக்கத்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

எலி ஒயரைக் கடித்துவிட்டது. வாரண்டியில் வருமா?

வராது. நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்ற காரில் பானெட்டைத் திறந்தால் பாதி தின்ற தேங்காய்ச் சில் கிடக்கும், பக்கத்தில் ஒயரிங் ஹார்னஸ் என்ற ஒயர்க் கட்டு செம்பு தெரியக் கடிபட்டிருக்கும். முழு ஹார்னஸையும் மாற்ற வேண்டும் என்றால் பில் பல ஆயிரங்களில் வரும். இது தயாரிப்புக் குறை இல்லை, வெளியிலிருந்து வந்த சேதம் என்று, சர்வீஸ் சென்டரில் காரை விடும்போது போடும் ஜாப் கார்டில் எழுதிவிடுவார்கள். அது நியாயமும்கூட.

காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வைத்திருந்தால் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதை ஏற்கின்றன. ஆனால் கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி முதல் வருடம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 சதவீதம் வரை ஏறும். பில் சிறியதாக இருந்தால் கையிலிருந்து கொடுப்பதே லாபம். சில எக்ஸ்டெண்டட் வாரண்டித் திட்டங்களோடு எலிக்கடிக்கென்று தனி பேக்கேஜும் விற்கிறார்கள். அதில் வருடத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு ரூபாய் வரை என்று பாருங்கள்.

மழை வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால்?

அதுவும் வாரண்டி இல்லை, இன்சூரன்ஸ். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல பேர் இதைப் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்த்தால், இன்ஜினுக்குள் போன தண்ணீர் பிஸ்டனைத் தடுத்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸும் தராது, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இருந்தால்தான் பேச்சு. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களிடம் ஒரே ஒரு கூடுதல் கவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், எக்ஸ்டெண்டட் வாரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் எடுக்கச் சொல்வேன்.

சரி, எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா, வேண்டாமா?

மூன்று விஷயங்களைப் பார்த்தால் பதில் வந்துவிடும்: வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், காரில் என்ன கியர்பாக்ஸும் எலக்ட்ரானிக்ஸும் இருக்கின்றன.

முதலில் ஓட்டம். மாருதியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ.க்குப் பிறகு, நான்காம் வருட பேக்கேஜ் 1,20,000 கி.மீ. வரை, ஐந்தாம் வருடம் 1,40,000 வரை, ஆறாம் வருடம் 1,60,000 வரை. வியாபார வேலையாக வருடத்துக்கு 40,000 கி.மீ. ஓட்டுகிற ஒருவர் நான்காம் வருட பேக்கேஜ் எடுக்கிறார். அவருக்குக் கம்பெனி வாரண்டி இரண்டரை வருடத்திலேயே முடிந்துவிடும். எக்ஸ்டெண்டட் வாரண்டி சரியாக மூன்றாம் வருடக் கடைசியில் 1,20,000 தொட்டுத் தீர்ந்துவிடும். நான்காம் வருடத்துக்கென்று பணம் கட்டியவருக்கு நான்காம் வருடத்தில் ஒரு நாள்கூட வாரண்டி இல்லை. அவர் வாங்கியது 20,000 கி.மீ., அவ்வளவுதான். அந்த 20,000 கி.மீ.க்கு அந்த விலை தகுமா என்று அவர் யோசிக்க வேண்டும்.

ஆறாம் வருடம் வரைக்குமான பேக்கேஜ், வார இறுதியில் மட்டும் காரை எடுத்து வருடத்துக்கு 7,000 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆறு வருடத்தில் 42,000 கி.மீ.தான். கிலோமீட்டர் வரம்பு அவரைத் தொடவே தொடாது, முழு ஆறு வருடமும் கிடைக்கும். குறைவாக ஓடும் கார் கெடாது என்றும் நினைக்க வேண்டாம். சென்சார், டச் ஸ்கிரீன், பவர் விண்டோ மோட்டார் எல்லாம் வெயிலுக்கும் வயசுக்கும் கெடுபவை. திருச்சியிலும் வேலூரிலும் திறந்தவெளியில் நிற்கும் காரின் டேஷ்போர்டு சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள். மூன்று வருடத்தில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர் தனக்காக எடுக்கத் தேவையில்லை. விற்கும்போது வாரண்டி பாக்கி இருந்தால் விலை கொஞ்சம் கூடும். ஆனால் கட்டிய பணம் முழுதாகத் திரும்ப வராது.

மூன்றாவதுதான் முக்கியம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், கீழ் வேரியன்ட் கார் என்றால் என்னைக் கேட்டால் கட்டாயம் இல்லை. அதில் கெடும் பொருள்கள் பெரும்பாலும் தேயும் பொருள்கள், அவை எப்படியும் வாரண்டியில் வராது. டூயல் க்ளட்ச் அல்லது சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, பி.எஸ். 6 டீசல், சன்ரூஃப், கேமரா ரேடார் எல்லாம் உள்ள மேல் வேரியன்ட் என்றால் கதை வேறு. டூயல் க்ளட்ச் கியர்பாக்ஸில் கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் ஒன்று போனாலே பில் லட்சத்தைத் தாண்டக்கூடும். டீசலில் இன்ஜெக்டர், துகள் வடிகட்டி இரண்டும் விலை அதிகம். இப்படிப்பட்ட காரை ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் எடுங்கள்.

டெலிவரி அன்றே எடுக்க வேண்டுமா? பிறகு எடுத்தால் ஆகாதா?

பெரும்பாலான கம்பெனிகளில் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் தள்ளிப்போடப் போட விலை ஏறும். எத்தனை மாதத்துக்குள் எந்த விலை என்ற அட்டவணை ஷோரூமில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ‘இன்னைக்கு விட்டா கிடைக்காது’ என்று சொன்னால் அது அவர்களுடைய விற்பனை டார்கெட் பேசுகிறது. இதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சொல்லும் விலை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள்.

லோனில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு பேச்சுக்கு வாரண்டி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 9.5 சதவீத வட்டியில் 7 வருட லோனில் அதைச் சேர்த்தால் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 27,500 ஆகியிருக்கும். வாரண்டி ஆறாம் வருடம் முடிந்த பிறகும் அதற்கு ஒரு வருடம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஷோரூம் தருவது கம்பெனி வாரண்டிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்க வேண்டிய கேள்வி. டீலர்கள் சிலர் கார் கம்பெனியின் திட்டத்தை விற்காமல், வேறொரு நிறுவனத்தின் திட்டத்தை அதே பெயரில் விற்பார்கள். விலை குறைவாக இருக்கும், டீலருக்குக் கமிஷன் அதிகமாக இருக்கும். பழுது வரும்போது வேறு ஊரில் உள்ள சர்வீஸ் சென்டரில் காட்டினால், ‘இது எங்கள் சிஸ்டத்தில் இல்லையே’ என்பார்கள்.

பணம் கட்டிய பிறகு வரும் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கிறது, உங்கள் சேசிஸ் நம்பர் சரியாக இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கார் கம்பெனியின் ஆப்பில் உங்கள் காரைச் சேர்த்தால் வாரண்டி முடியும் தேதி அதிலேயே தெரியும். ஒரு வாரம் கழித்தும் பழைய தேதியே காட்டினால் ஷோரூமுக்குப் போன் போடுங்கள். பணம் வாங்கிவிட்டுப் பதிவு செய்ய மறந்துவிடுவதும் உண்டு.

வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் விட்டால் வாரண்டி ரத்தாகுமா?

சட்டம் ஒன்று சொல்கிறது, நடைமுறை இன்னொன்று சொல்கிறது.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. அபராதம் மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அந்த உத்தரவிலேயே, வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று போயின.

நடைமுறையில், பெரும்பாலான வாரண்டி கையேடுகளில் ‘குறித்த காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும்’ என்ற வரி இன்னும் இருக்கிறது. பஞ்சர் ஒட்டினதற்கும் பிரேக் பேட் மாற்றினதற்கும் யாரும் வாரண்டியை மறுக்க மாட்டார்கள். ஆயில் மாற்றும் பீரியாடிக் சர்வீஸை வெளியே விட்டுவிட்டு, பிறகு டர்போ போய்விட்டது என்று வந்தால் மறுப்பார்கள். ஆணையத்தின் உத்தரவைக் காட்டி வாதாடலாம்தான், ஆனால் அதுவரை கார் ஷெட்டில் நிற்கும். வாரண்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விடுவது நிம்மதி. வாரண்டி முடிந்த மறுநாள் நம் தெரு மெக்கானிக்கிடம் தாராளமாகப் போகலாம்.

10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்றால் இதிலும் எது முதலோ அதுதான். ‘வண்டி 4,000தான் ஓடியிருக்கு, எதுக்கு சர்வீஸ்?’ என்று ஒரு வருடத்தைத் தாண்டவிட்டவர்களின் கிளெய்ம்தான் அதிகம் இழுபடும்.

வெளியில் மியூசிக் சிஸ்டம், லைட், சி.என்.ஜி. கிட் போட்டால்?

ஒயரை வெட்டி ஒட்டிப் போடும் எதுவும் வம்பு. கப்ளர் வைத்துச் செருகும் வகை என்றால் கொஞ்சம் தப்பிக்கலாம். வெளியில் சி.என்.ஜி. கிட் போட்டால் இன்ஜின் வாரண்டியை மறந்துவிடுங்கள், ஆர்.சி.யிலும் மாற்றிப் பதிய வேண்டும். சி.என்.ஜி.தான் வேண்டும் என்றால் கம்பெனியே பொருத்தி விற்கும் மாடலை வாங்குவது மேல்.

எலக்ட்ரிக் காரில் ‘லைஃப்டைம்’ பேட்டரி வாரண்டி என்கிறார்கள். உண்மையா?

உண்மை, ஆனால் யாருடைய லைஃப் என்று பார்க்க வேண்டும். பல வருடங்களாக 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்பதுதான் வழக்கமான பேட்டரி வாரண்டி. இப்போது டாடா, மஹிந்திரா, எம்.ஜி. ஆகியவை சில மாடல்களுக்கு லைஃப்டைம் என்று தருகின்றன. இது முதல் உரிமையாளருக்குத்தான். டாடாவின் லைஃப்டைம் என்பது 15 வருடம். மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களில் கைமாறிவிட்டால் 10 வருடம் அல்லது 2,00,000 கி.மீ. ஆகச் சுருங்கும். பழைய எலக்ட்ரிக் கார் வாங்குகிறவர் விளம்பரத்தில் உள்ள லைஃப்டைமை நம்பி விலை பேசக் கூடாது.

பேட்டரியின் கொள்ளளவு எந்தச் சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதும் கையேட்டில் இருக்கும். மெதுவாகக் குறைவது இயல்பு, அதற்கு வாரண்டி கிடையாது. மோட்டார், சார்ஜர், மற்ற எலக்ட்ரானிக்ஸுக்கு வேறு கால அளவு உண்டு. எல்லாமே பேட்டரியோடு சேர்ந்து 8 வருடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பழைய கார் வாங்குகிறேன். என்னென்ன வாரண்டி இருக்க முடியும்?

நல்லது, கம்பெனி வாரண்டி பாக்கி இருக்கும் கார். 3 வருட வாரண்டியில் ஒன்றரை வருடம் ஆன காரை வாங்கினால் மிச்சம் உங்களுக்கு வரும். இதற்கு ஈடு இல்லை.

அடுத்தது, கார் கம்பெனியே நடத்தும் பழைய கார் கடை. மாருதியின் ட்ரூ வேல்யூ 376 அம்சங்களைச் சோதித்து, தேறிய கார்களுக்கு 1 வருட வாரண்டியும் 3 இலவச சர்வீசும் தருகிறது. ஹூண்டாய், டொயோட்டா, மஹிந்திராவுக்கும் இதேபோல் உண்டு. அந்தக் கடையில் நிற்கும் எல்லாக் காரும் தேறிய கார் இல்லை என்பது பல பேருக்குத் தெரியாது. சான்றிதழ் இல்லாத காரும் அங்கேயே கொஞ்சம் மலிவாக நிற்கும்.

பிறகு, இணையத்தில் விற்கும் பெரிய நிறுவனங்கள் தருவது. கடைசியாக, மவுண்ட் ரோட்டிலோ அவினாசி ரோட்டிலோ தனியார் டீலர் வாயால் தருவது. வாயால் தரும் வாரண்டிக்கு எந்த மதிப்பும் இல்லை. பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுதமாட்டார்.

அந்த ஒரு வருட வாரண்டிப் பேப்பரில் எந்த வரிகளைப் படிக்க வேண்டும்?

பழைய கார் வாரண்டி பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டுக்கும்தான். அதிலும் ‘ஆயில் படும் உள்பாகங்கள்’ என்று எழுதியிருந்தால், இன்ஜினைச் சுற்றியுள்ள வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், சென்சார், டர்போ எதுவும் சேராது. இன்ஜின் வாரண்டி என்று நம்பி வந்தவருக்கு, சூடேறி ஹெட் கேஸ்கெட் போனால், ‘காரணம் கூலன்ட் லீக், அது சேராது’ என்று பதில் வரும்.

அடுத்து ரூபாய் வரம்பு. ஒரு கிளெய்முக்கு எவ்வளவு, மொத்தமாக எவ்வளவு? வரம்பு 30,000 என்று இருந்து கியர்பாக்ஸ் வேலை 90,000 ஆனால் மிச்ச 60,000 உங்களுடையது.

அப்புறம் காத்திருப்புக் காலம். முதல் 15 அல்லது 30 நாள் கிளெய்ம் கிடையாது என்ற வரி சில பேப்பர்களில் இருக்கும். மறைத்த பழுது வெளியே வருவதே அந்த நாள்களில்தான், எனவே இந்த வரி இருந்தால் விலையில் அடித்துப் பேசுங்கள். எந்த ஒர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டும், வண்டியை அங்கே கொண்டுபோகும் செலவு யாருடையது, பிரித்துப் பார்க்கும் கூலி யார் தருவது என்பதையும் கேளுங்கள். கோயம்புத்தூரில் வாங்கிய காருக்குச் சென்னையில் மட்டும்தான் ஒர்க்‌ஷாப் என்றால், அது இருந்தும் இல்லாத வாரண்டி.

முதல் ஓனர் எடுத்த எக்ஸ்டெண்டட் வாரண்டி எனக்கு வருமா?

பெரும்பாலும் வரும், ஆனால் தானாக வராது. ஆர்.சி. பெயர் மாற்றம் முடிந்ததும் சர்வீஸ் சென்டரில் விண்ணப்பம் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். சில கம்பெனிகள் சிறு கட்டணம் வாங்கும், சில கம்பெனிகள் இத்தனை நாளுக்குள் என்று வரம்பு வைத்திருக்கும். காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள்.

அப்படி விசாரிக்கும்போதே முழு சர்வீஸ் ஹிஸ்டரியையும் கேளுங்கள். ஓனர் வந்து சம்மதம் சொன்னால் தருவார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கி.மீ. என்று அதில் இருக்கும். 2022-ல் 61,000 என்று பதிவாகியிருக்கும் காரில் இப்போது மீட்டர் 48,000 காட்டினால், யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். அந்தக் காரைத் தொடாதீர்கள். மீட்டரில் கை வைத்தது தெரிந்தால் கம்பெனியும் வாரண்டியை ரத்து செய்யும்.

டாக்ஸியாக ஓட்டினால்?

மஞ்சள் போர்டு வண்டிகளுக்குப் பல கம்பெனிகள் வேறு விதி வைத்திருக்கின்றன. எக்ஸ்டெண்டட் வாரண்டி கிடையாது என்பவையும் உண்டு. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டு ஓட்டியது தெரிந்தால், சொந்த உபயோகம் இல்லை என்று மறுக்க இடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

ரீகால் என்றால் வாரண்டி வேண்டுமா?

வேண்டாம். கம்பெனியே குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு திரும்ப அழைப்பது ரீகால், வாரண்டி முடிந்த காருக்கும் இலவசம்தான். 2021 செப்டம்பரில் மாருதி 1,81,754 பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிக்க அழைத்தது. சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல். 6 எல்லாம் அதில் இருந்தன. பழைய கார் வாங்கும்போது கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டு, ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

குறை சொன்னால் ‘இது நார்மல் சார்’ என்கிறார்கள். என்ன செய்வது?

சண்டை வேண்டாம், எழுத்தில் கொண்டுவாருங்கள். சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டுவார். கையெழுத்துப் போடாமல், நீங்கள் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: ‘காலையில் முதல் ஸ்டார்ட்டில், ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது வண்டி உதறுகிறது.’ முடிந்தால் மீட்டர் தெரியும்படி வீடியோ எடுத்து அதே நாளில் கம்பெனியின் வாடிக்கையாளர் மெயிலுக்கு அனுப்புங்கள்.

இதன் பலன் இரண்டு வருடம் கழித்துத் தெரியும். வாரண்டி முடிந்து மூன்றாம் வாரம் கியர்பாக்ஸ் நின்றுவிட்டால், வாரண்டி காலத்திலேயே சொன்ன குறை என்று காட்ட அந்த ஜாப் கார்டு ஒன்றுதான் கையில் இருக்கும். அப்படிப்பட்ட கிளெய்ம்களுக்கு கம்பெனிகள் ‘குட்வில்’ என்ற பெயரில் முழுச் செலவையோ பாதியையோ ஏற்பதுண்டு. கேட்காதவருக்கு யாரும் தானாக முன்வந்து தருவதில்லை.

திரும்பத் திரும்பக் கெட்டால் புது கார் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பது கடினம். 2006-ல் மாருதி உத்யோக் (இன்றைய மாருதி சுசூகி) வழக்கில் உச்ச நீதிமன்றம், குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றித்தருவதோதான் வாரண்டியின் கடமை, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. தயாரிப்புக் குறை காருடைய அடிப்படையிலேயே இருக்கிறது என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபித்தால் நிலைமை வேறு.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் பெரிய கம்பெனிகள் அந்தப் புகார்களுக்குப் பதில் தருகின்றன. நகராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். டீலர், கார் கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

கார் கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்டால்?

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலையில் 2022-ல் வேலை நின்றபோது எல்லோருக்கும் இதே பயம்தான். சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தது. 2017 முடிவில் விற்பனையை நிறுத்திய செவ்ரோலெட்டும் அப்படித்தான் சொன்னது. சிரமம் வேறு இடத்தில்: ஷோரூம்கள் குறையும், பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், பாகம் வரக் காத்திருக்க வேண்டும். பெரிய கார் கம்பெனி போனால் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் மிஞ்சும். வாரண்டியை விற்றது மூன்றாம் நிறுவனம் என்றால், அது மூடிவிட்டால் கேட்கக் கதவே இருக்காது. ஐந்து வருடத்துக்குப் பணத்தை முன்கூட்டியே கட்டும் முன் அந்த நிறுவனம் எத்தனை வருடமாக இருக்கிறது, பின்னால் ஏதாவது இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் இல்லை என்றால், அந்தத் திட்டத்தை நான் எடுக்க மாட்டேன்.